கூர் பார்க்கத் தெரிந்த பிறகு ரம்பம் வாங்குங்கள்

மரம் வெட்டும் வேலையில் இறங்கப்போகிறேன், எந்த செயின்சா (செயினில் பல் வைத்து ஓடும் ரம்பம்) வாங்கலாம் என்று கேட்டு வருபவர்களிடம் நான் பதிலுக்கு இரண்டு கேள்விகள் கேட்பேன். எவ்வளவு பருமனான மரத்தை அறுக்கப்போகிறீர்கள்? செயினுக்கு யார் அரம் போடுவார்கள்? முதல் கேள்விக்கு எல்லோரிடமும் விடை இருக்கும். இரண்டாவதை அநேகமாக யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

ரம்பங்களையும், கிளைகளைச் சில்லாக நறுக்கும் சிப்பர்களையும் பழுதுபார்ப்பதும், புதிதாக வருகிறவர்களுக்கு அவற்றைக் கையாளச் சொல்லிக்கொடுப்பதும் என் தொழில். "இழுவை போய்விட்டது, என்ஜினைப் பிரித்துப் பாருங்கள்" என்று என் மேசைக்கு வரும் ரம்பங்களில் பெரும்பாலானவற்றின் என்ஜினில் ஒரு குறையும் இருக்காது. செயின் மழுங்கியிருக்கும், செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடான பாரின் பள்ளத்தில் தூளும் எண்ணெயும் சேர்ந்து கட்டியாகியிருக்கும். இரண்டையும் சரிசெய்து கொடுத்தால் அதே ரம்பம் தன் எடையிலேயே மரத்துக்குள் இறங்கும். சிப்பரின் கதையும் இதுவே. எனவே உங்களால் கூர் பார்த்து வைத்துக்கொள்ள முடிகிற அளவுக்குத்தான் இயந்திரம் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாங்கும் வரிசையும் எனக்கு அப்படித்தான்: முதலில் உடம்புக்கான பாதுகாப்பு, பிறகு நல்ல கைரம்பமும் அரங்களும், அதன்பின் செயின்சா, கடைசியாகத்தான் சிப்பர்.

உடம்புக்கு

முழு வேகத்தில் ஓடும் செயின் நொடிக்கு 20 மீட்டர் அளவில் பாய்கிறது. அது மணிக்கு 72 கிலோமீட்டர். காலில் பட்டால் சாதாரணத் துணியோ தோலோ ஒன்றும் செய்யாது. செயின்சா வேலைக்கென்றே தைக்கப்படும் கால்சட்டைக்குள் நீண்ட இழைகள் பல அடுக்காக வைக்கப்பட்டிருக்கும். செயின் மேல்துணியைக் கிழித்ததும் அந்த இழைகள் இழுபட்டு, செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிக்கொண்டு செயினை நிறுத்திவிடும். ஐ.எஸ்.ஓ. 11393 என்ற தரநிலை இந்த உடைகளைச் செயினின் வேகத்தை வைத்து வகைப்படுத்துகிறது: வகுப்பு 0 என்றால் நொடிக்கு 16 மீட்டர், வகுப்பு 1 என்றால் 20, வகுப்பு 2 என்றால் 24, வகுப்பு 3 என்றால் 28. உங்கள் ரம்பத்தின் செயின் வேகம் கையேட்டில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். முன்பக்கம் மட்டும் பாதுகாப்புள்ளது ஏ வகை. காலைச் சுற்றிலும் பாதுகாப்புள்ளது சி வகை. தரையில் நின்று அறுப்பவருக்கு ஏ போதும். கயிற்றில் தொங்கியபடி உடம்பைத் திருப்பி அறுப்பவர் சி வகையைத்தான் அணிய வேண்டும்.

இந்த உடையைத் துவைக்காமலே வைத்திருப்பவர்கள் உண்டு. எண்ணெயும் பிசினும் ஊறிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இழை இழுபட்டு வராது. லேபிளில் சொல்லியிருக்கும் சூட்டில் துவையுங்கள். பிளீச்சும் துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம். மேல்துணி மட்டும் முள்ளில் கிழிந்திருந்தால் ஒட்டுப் போடலாம். ஆனால் ஊசி உள்ளடுக்கில் இறங்கக் கூடாது. செயின் ஒருமுறை இழைகளைத் தொட்டுவிட்டால் அந்த உடையின் ஆயுள் முடிந்தது. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: இந்த இழைகள் பெட்ரோல் ரம்பத்தை மனதில் வைத்து உருவானவை. மின்மோட்டார் தொடக்க வேகத்திலேயே முழு முறுக்குவிசையைத் தருவது. அதனால் பேட்டரி ரம்பத்தை அவை அதே உறுதியோடு நிறுத்தும் என்று நம்பி அலட்சியமாக இருக்கக் கூடாது.

தலைக்கவசத்தில் பலரும் கவனிக்காத வேறுபாடு ஒன்று இருக்கிறது. தரைவேலைக்கான, இ.என். 397 என்ற ஐரோப்பியத் தரநிலைக் கவசத்தின் நாடி வார் ஓர் அளவுக்கு மேல் இழுபட்டால் தானே விடுபட வேண்டும். எங்காவது மாட்டிக்கொண்டு கழுத்து நெரிபடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. மரமேறுபவருக்கான இ.என். 12492 கவசத்தின் வார் விடுபடவே கூடாது, ஏனென்றால் விழும்போது கவசம் தலையிலேயே இருக்க வேண்டும். தரைக்கான கவசத்தை மாட்டிக்கொண்டு மரம் ஏறாதீர்கள். காதுக் கவசம் கட்டாயம், ஏனெனில் ரம்பம் பிடிப்பவரின் காதருகில் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். வலைத் திரை பெரிய சில்லுகளைத் தடுக்குமே தவிர நுண்தூளைத் தடுக்காது, அதனால் அதன் உள்ளே கண்ணாடியும் வேண்டும். காலுக்கு இரும்பு முனை வைத்த, செயின் வெட்டைத் தாங்கும் பூட்ஸ்.

நான் விட்டுக்கொடுக்காத ஒரு பொருள் இடுப்பிலேயே கட்டியிருக்க வேண்டிய, இரத்தக்கசிவை நிறுத்தும் பொருள்கள் கொண்ட பை. கைகாலை இறுக்கிக் கட்டும் டூர்னிகே, அழுத்துக் கட்டுத் துணி, கத்தரி ஆகியவை அதில் இருந்தால் போதும். வண்டிக்குள் இருக்கும் முதலுதவிப் பெட்டி, மரத்தின் மேலே காயம்பட்டவருக்கு உதவாது. டூர்னிகேயை ஒரே கையால் இறுக்கிக் கட்டிப் பழகுங்கள். தனியாக வேலை செய்யவே செய்யாதீர்கள்.

எந்த ரம்பம்

என்ஜினின் கொள்ளளவும் பாரின் நீளமும் பொருந்தியிருக்க வேண்டும். 30 முதல் 40 சி.சி. வரையுள்ள ரம்பத்துக்கு 12 முதல் 16 அங்குலப் பார். கிளை கழிக்கவும் விறகு அறுக்கவும் அது தாராளமாகப் போதும். 50 சி.சி. சுமாருக்கு 15 முதல் 18 அங்குலம். ஒரே ஒரு ரம்பம்தான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். 60, 70 சி.சி. ரம்பங்கள் பெரிய மரங்களை அன்றாடம் சாய்ப்பவர்களுக்கு உரியவை. அதற்கு மேல் உள்ளவை பலகை அறுக்கவும் மிகப் பெரிய தூர்களுக்கும். சிறிய என்ஜினில் நீளமான பார் மாட்டி வருபவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்ஜின் திணறுவது மட்டும் இல்லை, எண்ணெய் பம்பு அந்த நீளத்துக்குப் போதுமான எண்ணெயை அனுப்பாது, பாரின் முனை காய்ந்து கருகும்.

எடையைக் கடையில் தூக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெட்ரோலும் எண்ணெயும் நிரப்பி, பாரையும் மாட்டி, நாள் முழுக்கக் கையில் வைத்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் நடுவில் அதிர்வைத் தாங்கும் சுருள்வில்லோ ரப்பரோ இருக்கிறதா, அவை உறுதியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நீண்டகால அதிர்வால் விரல்களின் இரத்த ஓட்டமும் நரம்பும் கெட்டு, குளிரில் விரல்கள் வெளிறி மரத்துப்போகும் நோய் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதிகள் 8 மணி நேர வேலைக்கான அதிர்வு அளவு 2.5 மீ/வி² ஆனாலே நடவடிக்கை தேவை என்றும் 5-ஐத் தாண்டவே கூடாது என்றும் வரையறுத்திருக்கின்றன. ரம்பத்தின் கையேட்டில் முன்பிடி, பின்பிடி இரண்டுக்கும் அதிர்வு எண் தந்திருப்பார்கள். இரண்டு ரம்பங்களுக்கு நடுவில் குழம்பும்போது நான் குதிரைத்திறனைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைத்தான் பார்ப்பேன்.

பேட்டரி ரம்பத்தைப் பற்றி முன்பு எனக்கு நல்ல எண்ணம் இருந்ததில்லை. இன்று கிளை கழிக்கும் வேலைக்கு அதையே பரிந்துரைக்கிறேன். சத்தம் குறைவு, புகை இல்லை, விசையை விட்டதும் செயின் நின்றுவிடுகிறது. நாள் முழுக்கப் பெரிய மரம் அறுப்பவருக்கு மட்டும் பெட்ரோல் இன்னும் தேவைப்படுகிறது. பேட்டரியை நீண்ட நாள் வைத்திருப்பதானால் பாதியளவு மின்னேற்றத்தில், குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வையுங்கள். செயினைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட வேண்டும். கை தவறி விசையில் பட்டால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் செயின் ஓடும்.

மேல்பிடி ரம்பம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு பிடியும் நெருக்கமாக, கைக்கு அடக்கமாக இருப்பதால் புதியவர்கள் அதைத்தான் ஆசையாக எடுக்கிறார்கள். அது மரத்தில் ஏறி வேலை செய்யப் பயிற்சி பெற்றவருக்கு மட்டுமே உரியது. பிடிகள் நெருங்கியிருப்பதால் ரம்பம் எகிறினால் அடக்கும் பலம் கைக்குக் கிடைக்காது. தரையில் நிற்பவர் பின்பிடி ரம்பத்தையே வாங்குங்கள். எந்த ரம்பமானாலும் இரண்டு கையாலும் பிடியுங்கள், இடது கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றி அடியில் வளைந்திருக்க வேண்டும்.

பழைய ரம்பம் வாங்குவதானால் சைலன்சரைக் கழற்றச் சொல்லி, புகை வெளியேறும் துளை வழியாக பிஸ்டனைப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கீறல்கள் இருந்தால் எண்ணெய் கலக்காத பெட்ரோலிலோ காற்று மிகுந்த கலவையிலோ ஓடியிருக்கிறது என்று பொருள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். ரம்பம் எகிறும்போது செயினை நிறுத்தும் செயின் பிரேக்கை முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள், சட்டென்று பிடிக்க வேண்டும். அறுந்த செயினைப் பிடிக்கும் சிறு கொக்கி அடியில் உடையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமலே விற்பனைக்கு வந்த ரம்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

அரம் போடுதல்

இப்போது நாம் பயன்படுத்தும் செயினின் வடிவத்துக்கு ஒரு புழுதான் வழிகாட்டி. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோ காக்ஸ் 1946இல் ஓர் அடிமரத்தைக் குடைந்துகொண்டிருந்த வண்டின் புழுவைக் கவனித்தார். நாரின் போக்கிலும் குறுக்கிலும் அது ஒரே இலகுவாகக் குடைந்தது. அதன் தாடைகள் வளைந்து, இடமும் வலமுமாக மாறிமாறி வெட்டின. அந்த வளைவை இரும்பில் கொண்டுவந்து அடுத்த ஆண்டே அவர் செயின் விற்கத் தொடங்கினார். அதற்கு முன் இருந்த செயின்கள் கைரம்பத்தைப் போல மரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தன. காக்ஸின் பல் சீவியது. அரம் போடும்போது நீங்கள் காப்பாற்ற வேண்டியது இந்தச் சீவும் வளைவைத்தான்.

செயின் மழுங்கியதை அறிய மரத்திலிருந்து விழுவதைப் பாருங்கள். கூரான செயின் சில்லு சில்லாகச் சீவித் தள்ளும். மழுங்கியது மாவாகத் தூள் கொட்டும். ரம்பத்தை அழுத்த வேண்டியிருந்தால், புகை வந்தால், வெட்டு ஒருபக்கமாக வளைந்தால் உடனே நிறுத்துங்கள். நான் பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு மூன்று இழுப்புக் கொடுத்துவிடுவேன். சில நிமிட வேலை. மாலையில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மழுங்கிய பல் சூடேறி, கெட்டு, இரட்டிப்பு வேலை வைக்கும். மண்ணையோ கல்லையோ தொட்டுவிட்டால் அந்த நொடியே நிறுத்தி அரம் போட்டாக வேண்டும்.

சரியான அரம் எது என்பது செயினின் பிட்ச் அளவைப் பொறுத்தது. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தால் பிட்ச் கிடைக்கும். சிறிய ரம்பங்களில் இருக்கும் 3/8 அங்குலத் தாழ்வகைச் செயினுக்கு 4.0 மி.மீ. உருட்டு அரம், .325 அங்குலச் செயினுக்கு 4.8 மி.மீ., முழு 3/8 செயினுக்குத் தயாரிப்பாளரைப் பொறுத்து 5.2 அல்லது 5.5, .404 செயினுக்கு 5.5. செயின் வாங்கும்போது மூன்று எண்களைச் சொல்ல வேண்டும்: பிட்ச், பாரின் பள்ளத்துக்குள் ஓடும் அடிக்கண்ணியின் தடிமன், அடிக்கண்ணிகளின் எண்ணிக்கை. பாரின் அடிப்பக்கத்தில் இவை பொறிக்கப்பட்டிருக்கும். அங்குலத்தில் பாரின் நீளத்தை மட்டும் சொல்லி வாங்கிய செயின் அநேகமாகப் பொருந்தாது.

பாரை வைஸில் இறுக்கிப் பிடியுங்கள். செயின் பிரேக்கைப் போட்டால் செயின் ஆடாது, அடுத்த பல்லுக்கு நகர்த்தும்போது மட்டும் விடுவியுங்கள். மிகக் குட்டையான பல்லைத் தேடி அதிலிருந்து தொடங்குங்கள், மற்றப் பற்களெல்லாம் அதன் நீளத்துக்கு வர வேண்டும். ஒருபக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் விட்டால் வெட்டு வளையும். அரத்தின் விட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தட்டுக்கு மேலே தெரிய வேண்டும். பெரும்பாலான செயின்களுக்கு மேல்தட்டுக் கோணம் 30 பாகை. பல்லின் மேலேயே அந்தக் கோணத்துக்கு ஒரு கோடு பொறித்திருப்பார்கள், அதற்கு இணையாக அரத்தைப் பிடித்தால் போதும். உள்ளிருந்து வெளிப்பக்கமாக, முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள், இழுத்துக்கொண்டே வந்தால் அரம் கெடும். ஒருபக்கப் பற்களையெல்லாம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். வெட்டு விளிம்பில் வெளிச்சத்தைக் காட்டிப் பார்த்தால் வெள்ளைக் கோடு ஏதும் மின்னக் கூடாது. மின்னினால் அந்த இடம் இன்னும் மழுங்கல்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கிறது. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பல் தேயத் தேய மேடு அதனோடு சமமாகிவிடும், அப்போது எவ்வளவு கூர் பார்த்தாலும் செயின் கடிக்காது. பொதுவாக மேடு பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அதற்கென்று ஒரு சிறு அளவுத்தகடு கிடைக்கிறது, அதைச் செயின் மேல் வைத்து, துருத்தித் தெரிவதைத் தட்டை அரத்தால் சீவினால் சரி. கண்மட்டத்தில் செய்யாதீர்கள். மேட்டை மிகுதியாகக் குறைத்தவர்களின் ரம்பம் மரத்தைக் கடித்துக் குதிக்கும், எகிறும் வாய்ப்பும் கூடும்.

செயின் வகையைப் பற்றி ஒரு வார்த்தை. சதுர மூலையுள்ள பல் வேகமாக வெட்டும், மண்பட்டால் சீக்கிரம் மழுங்கும். மூலை உருண்ட பல் சற்று மெதுவானது, ஆனால் தூசியும் அழுக்கும் உள்ள மரத்திலும் வைரம் பாய்ந்த காய்ந்த மரத்திலும் கூர் நிற்கும். கூர் பார்ப்பதும் அதில் எளிது. தொடங்குபவர்கள் எல்லோரையும் நான் உருண்ட மூலைப் பல்லில்தான் தொடங்கச் சொல்கிறேன்.

பார், எண்ணெய், பெட்ரோல், காற்று

செயினைக் கழற்றும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள், இருபக்கமும் சமமாகத் தேயும். பள்ளத்தை மெல்லிய தகட்டால் சுரண்டுங்கள், எண்ணெய்த் துளையைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். விளிம்புகளில் எழும் பிசிரைத் தட்டை அரத்தால் எடுத்துவிடுங்கள். செயினைக் கையால் பக்கவாட்டில் சாய்த்தால் தாராளமாகச் சாய்கிறதென்றால் பள்ளம் அகன்றுவிட்டது, பாரை மாற்ற வேண்டியதுதான். ஸ்ப்ராக்கெட்டை இரண்டு செயினுக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல கணக்கு. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் போட்டால் செயினும் சேர்ந்து கெடும்.

செயின் பாரின் அடியில் ஒட்டியிருக்க வேண்டும், ஆனால் கையால் இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும். வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்திவிடுங்கள். சூட்டில் நீண்டிருந்த செயின் ஆறும்போது சுருங்கி, கிராங்க் பேரிங்கையே இழுத்துக் கெடுக்கும். எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, வெளிறிய மரத்துண்டின் மேல் பாரின் முனையைத் தொடாமல் பிடித்து வேகத்தைக் கூட்டுங்கள், மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். செயினுக்கு ஒட்டும் தன்மையுள்ள செயின் எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். வண்டியிலிருந்து வடித்த பழைய என்ஜின் எண்ணெயை ஊற்றுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதில் உலோகத் தூள் இருக்கிறது, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் இருக்கின்றன, அது உங்கள் தோலிலும் மூச்சிலும் மண்ணிலும்தான் போய்ச் சேர்கிறது. என் பட்டறையில் அந்த டப்பாவுக்கு இடமில்லை.

இக்கால ரம்பங்களுக்குப் பெட்ரோலும் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயும் 50-க்கு 1 என்ற கணக்கு, அதாவது 5 லிட்டருக்கு 100 மி.லி. பழைய ரம்பமானால் கையேட்டைப் பாருங்கள். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், கார்பரேட்டரின் சவ்வை விறைக்கச் செய்யும். பல வாரங்கள் ஓட்டப்போவதில்லை என்றால் டாங்கியைக் காலிசெய்து, தானாக நிற்கும் வரை ஓடவிட்டு வையுங்கள்.

காற்று வடிகட்டியை ஒவ்வொரு நாளும் தட்டி, தேவைப்பட்டால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். சிலிண்டரின் இறகுகளுக்கு நடுவில் அடைந்த தூளை மரக்குச்சியால் எடுங்கள், அது அடைத்தால் என்ஜின் வெந்துவிடும். பிளக் இடைவெளி பெரும்பாலும் 0.5 மி.மீ. விசையைத் தொடாதபோதும் செயின் ஊர்ந்தால் ஐடிலிங் திருகைக் குறையுங்கள், அப்படியும் நிற்கவில்லையென்றால் கிளட்ச் ஸ்பிரிங்கைப் பாருங்கள். செயின் ஊரும் ரம்பத்தோடு ஒரு வெட்டுகூட வேண்டாம். கார்பரேட்டரில் பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் எச், எல் திருகுகளை அனுபவம் இல்லாமல் திருகாதீர்கள்.

கிளப்பும்போது ரம்பம் தரையில் இருக்கட்டும். செயின் பிரேக் போட்டிருக்க வேண்டும், வலது பூட்ஸ் பின்பிடிக்குள், இடது கை முன்பிடியில். கையில் தொங்கவிட்டு இழுத்துக் கிளப்புவது வீரமாகத் தெரியலாம், தொடையில் பாயும் வழியும் அதுதான். அறுக்கும்போது பாரின் வளைந்த முனையில் மேற்புறமாக உள்ள கால்பங்கு எதிலும் படக் கூடாது. அங்கே பட்டால் பார் முகத்தை நோக்கி எகிறும், மனிதக் கை அதற்குப் பதில் சொல்லும் வேகம் உடையது அல்ல. அதற்காகத்தான் பிரேக்.

கயிறு, ஆப்பு, கைரம்பம்

வெட்டுக்குள் ரம்பம் மாட்டாமல் இருக்கப் பிளாஸ்டிக் அல்லது அலுமினிய ஆப்பு வையுங்கள், இரும்பு ஆப்பு செயினில் பட்டால் பற்கள் போய்விடும். இழுத்து அறுக்கும் கைரம்பம் ஒன்று எப்போதும் உறையில் இருக்கட்டும். கிளை கழிப்பதில் பாதி வேலைக்கு அதுவே போதும். கயிற்றை ஒவ்வொரு முறையும் கையால் தடவிப் பாருங்கள். உள்ளே திடீரென்று மெலிந்த இடம், விறைத்த இடம், உருகிய பளபளப்பு தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். ஏறும் கயிறு வேறு, கிளை இறக்கும் கயிறு வேறு, இரண்டையும் ஒருநாளும் மாற்றிப் பயன்படுத்தக் கூடாது. மரத்தின் மேல் ரம்பத்தோடு இருப்பவர் கயிறு வெட்டுப்பட்டாலும் விழாதபடி, எஃகுக் கம்பி உள்ளே ஓடும் வாரையும் சேர்த்து இரண்டு இடத்தில் பிணைந்திருக்க வேண்டும்.

சிப்பர்

வாங்கும் முன் சில மாதங்கள் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். எந்தப் பருமனில் கிளை வருகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று குறித்து வைத்தால் எது தேவை என்பது தெளிவாகிவிடும். விளம்பரத்தில் சொல்லும் விட்டம் அந்த இயந்திரத்தின் உச்சம். நாள் முழுக்க அந்த அளவில் கிளையை ஊட்டினால் எதுவும் தாங்காது. காய்ந்த, வைரம் பாய்ந்த மரம் பச்சை மரத்தைவிட மிகக் கடினம். வழக்கமாக வரும் கிளையைவிடச் சற்றுப் பெரிய வாயுள்ள இயந்திரமாகப் பாருங்கள். கவை விரிந்த கிளைகள் நுழைய வாயின் அகலம் முக்கியம், அது சிறியதானால் ஒவ்வொரு கிளையையும் நறுக்கிக் கொடுத்தே நேரம் போய்விடும்.

வட்டத்தகட்டில் கத்திகள் பதித்த வகை ஒன்று, உருளையில் பதித்த வகை மற்றொன்று. வட்டத்தகடு சீரான சில்லு தரும், தானே விசிறியாகவும் இருந்து சில்லைத் தூர எறியும், பராமரிப்பு எளிது. உருளை அடர்ந்த மிலாறுகளையும் பெரிய கட்டைகளையும் பேராவலோடு இழுத்துக்கொள்ளும். சிறு குழுவுக்கு வட்டத்தகடே என் தேர்வு. எந்த வகையானாலும், கிளையை உள்ளே உருட்டி இழுக்கும் உருளைகள் ஹைட்ராலிக்கில் (எண்ணெய் அழுத்தத்தில்) ஓட வேண்டும். என்ஜின் திணறும்போது ஊட்டுவதைத் தானே நிறுத்தி, வேகம் மீண்டதும் தொடரும் ஏற்பாடு இல்லாத இயந்திரத்தை வாங்காதீர்கள். மட்டைகள் போன்ற நார்ச்சரக்கு அதிகம் வருமானால், அந்தச் சரக்கையே ஊட்டிக் காட்டச் சொல்லுங்கள். தண்டில் நார் சுற்றிக்கொள்ளும் இயந்திரத்தைப் பிரித்தெடுப்பதிலேயே மாலை கழியும்.

கூட்டிப் பெருக்கிய குப்பையைச் சிப்பருக்குள் கொட்டுவதை நான் அனுமதிப்பதே இல்லை. அதிலுள்ள மண்ணும் கல்லும் ஒரே நாளில் கத்தியைக் கெடுத்துவிடும். வேலியோரக் கிளையில் கம்பியும் ஆணியும் இருக்கும், பார்த்துப் போடுங்கள். சில்லு சீராக விழாமல் நீளநீளமான நாராக வந்தாலோ, கிளை உள்ளே போகும்போது துள்ளினாலோ கத்தி மழுங்கிவிட்டது.

ஊட்டும் விதம் உயிர் சம்பந்தப்பட்டது. அடிப்பக்கத்தை முதலில் கொடுத்து, உருளை பிடித்ததும் விட்டுவிட்டு ஒருபக்கமாக விலகிவிடுங்கள். நேர் பின்னால் நிற்கக் கூடாது, கிளை சுழன்று அடிக்கும். மணிக்கட்டில் அகன்ற கையுறை, தொங்கும் வார், இடுப்புப் பெல்ட், கயிற்றுச்சுருள் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. ஏறும் கயிற்றின் நுனி கிளைகளோடு சேர்ந்து சிப்பருக்குள் இழுபட்டால், மேலே கயிற்றில் இருப்பவர் மரத்திலிருந்து பிடுங்கப்படுவார். அதனால் கயிறுகளும் கிளைக் குவியலும் எப்போதும் தனித்தனி இடத்தில் இருக்க வேண்டும், மரத்தடிக்கும் சிப்பருக்கும் இடையே தூரம் இருக்க வேண்டும். குட்டைத் துண்டுகளை நீண்ட கிளையால் தள்ளுங்கள், கையாலோ காலாலோ ஒருநாளும் தள்ளாதீர்கள். நிறுத்தும் கம்பியைத் தினமும் காலையில் சோதியுங்கள்.

கத்தி மாற்றும்போது என்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். தகடு சாவியை எடுத்த பின்னும் நீண்ட நேரம் சுழலும், அதனால் முற்றிலும் நின்றதை உறுதிசெய்த பிறகே மூடியைத் திறந்து பூட்டு முளையைச் செருகுங்கள். கத்திகளை எப்போதும் ஒரு தொகுதியாகவே சாணை பிடிக்க வேண்டும். ஒன்றின் எடை குறைந்தால் தகடு அதிர்ந்து பேரிங்கைத் தின்னும். சாணையில் விளிம்பு நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போய்விட்டது என்று பொருள். சுழலும் கத்திக்கு எதிரே அசையாமல் நிற்கும் எதிர்க்கத்திக்கும் கத்திக்கும் இடையிலான இடைவெளி பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டர்தான், கையேட்டில் உள்ளபடி அளவுத்தகட்டால் பாருங்கள். எதிர்க்கத்தியைத் திருப்பி மாட்ட முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை, ஒரு விளிம்பு மழுங்கினால் அடுத்ததைப் பயன்படுத்தலாம். கத்திக்கு அடியில் ஒட்டிய பிசினைச் சுரண்டாமல் மாட்டினால் கத்தி சமமாக உட்காராது.

போல்டுகள் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். மறை தேய்ந்தது, தலை உருண்டது எல்லாவற்றையும் தூக்கிப்போட்டு, தயாரிப்பாளர் சொன்ன உறுதித்தரத்தில் புதிது வாங்குங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். பூட்டு முளையை எடுத்துவிட்டு, தகட்டைக் கையால் ஒரு முழுச்சுற்று சுற்றிப் பாருங்கள், எங்கும் உரசக் கூடாது. மூடியைப் போட்டு, முதலில் மெல்லிய கிளைகளை ஊட்டி ஓடவிட்டு, மீண்டும் நிறுத்தி, தகடு நின்றபின் அதே டார்க் ஸ்பானரால் ஒவ்வொரு போல்டையும் இன்னொருமுறை சோதியுங்கள். அதன்பிறகே கட்டைகளை ஊட்டத் தொடங்கலாம்.